ஐம்பது ஜூல்

காலை ஐந்தே முக்காலுக்கு எழுகிறேன். அலாரம் வைப்பதில்லை. பாலைக் காய்ச்சி ஒரு டம்ளர் காபி போட்டுக் குடிக்கிறேன். மீதிப் பாலைத் தட்டு போட்டு மூடுகிறேன். குளிக்கிறேன். முதல் நாள் துவைத்த சட்டையை இஸ்திரி போடாமல் மாட்டிக்கொள்கிறேன். ஆறரைக்குக் கிளம்புகிறேன். என் வீட்டிலிருந்து நர்சிங் ஹோமின் பக்கவாசலுக்கு அறுபத்திரண்டு தப்படி.

அவசர அறையில் இதயத்துக்கு மின் அதிர்ச்சி கொடுக்கும் டீஃபிப்ரிலேட்டர் இருக்கிறது. மேலே போர்த்திய பச்சைத் துணியை எடுத்து மடிக்கிறேன். வயர் சுவரில் சொருகியிருக்கிறதா என்று பார்க்கிறேன். சுவிட்சைப் போட்டு, குமிழை ஐம்பது ஜூலுக்குத் திருப்புகிறேன். இஸ்திரிப் பெட்டி போலக் கைப்பிடி வைத்த இரண்டு பேடில்கள் உண்டு. சோதனையின்போது அவை தம் குழிகளிலேயே இருக்க வேண்டும். சார்ஜ் பட்டனை அழுத்துகிறேன். மூன்று விநாடியில் நீளமாக ஓர் ஓசை. இரண்டு கட்டைவிரல்களாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால் 'டக்' என்று மின்சாரம் இறங்கும். ஒரு துண்டுக் காகிதம் வெளியே வரும். அதைக் கிழித்து நோட்டில் ஒட்டி, தேதி போட்டுக் கையெழுத்திடுகிறேன்.

என் மனைவி துர்கா இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. நோட்டில் ஒரே ஒரு நாளுக்குக் காகிதம் இல்லை. அது போன வருஷத்து விஜயதசமி.

நான் பி.எஸ்சி. பௌதிகம் படித்தவன். பிறகு சென்னையில் ஓராண்டு இ.சி.ஜி. பயிற்சி. படிப்பு முடிந்ததும் பிள்ளையார்பாளையத்தில் இந்த நர்சிங் ஹோமில் சேர்ந்தேன். இருபது படுக்கை. டாக்டர் ராஜகோபால் மாடியில் குடியிருக்கிறார்.

கல்யாணமான மூன்றாவது வாரம், இ.சி.ஜி. கருவியில் போட்ட புதிய காகிதச் சுருளைச் சோதிக்க ஓர் ஆள் தேவைப்பட்டது. துர்கா எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள். படுக்கச் சொன்னேன்.

"இன்னாங்க இது, சில்லுன்னு இருக்குது" என்று சிரித்தாள்.

"சிரிக்காத. கோடு ஆடுது."

"நீங்க மூஞ்ச அப்படி வெச்சிக்கினா எப்படி சிரிக்காம இருக்கிறது?"

இதயம் ஒரு முறை துடித்த பிறகு அடுத்த துடிப்புக்குத் தயாராகக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்ளும். காகிதத்தில் அதைச் சின்னக் கட்டங்களாக எண்ணலாம். பதினொன்றைத் தாண்டக் கூடாது. அவளுக்குப் பதின்மூன்று. மூன்று தடவை எண்ணினேன்.

"உங்க அண்ணன் எப்படி செத்தாரு?" என்று கேட்டேன்.

"தூக்கத்துலயே. பத்தொம்பது வயசு. காத்து அடிச்சிடுச்சின்னாங்க. ஏன்?"

"நீ எப்பவாவது மயங்கி விழுந்திருக்கியா?"

"ஸ்கூல்ல ரெண்டு வாட்டி. பெல் அடிக்கும்போது. காலைல சாப்பிடாம வந்தியான்னு டீச்சரு திட்டுனாங்க."

சென்னையில் இதய மருத்துவர் நான் சந்தேகப்பட்டதையே சொன்னார். பிறவிக் கோளாறு. திடீரென்று பெரிய சத்தம் கேட்டாலோ அதிர்ச்சி வந்தாலோ இதயம் ஒழுங்கு தப்பி நடுங்கத் தொடங்கும். நடுங்கும் இதயம் இரத்தத்தைத் தள்ளாது. சில சமயம் தானாகவே சரியாகும். சில சமயம் ஆகாது. தினமும் மாத்திரை எழுதிக் கொடுத்தார். நெஞ்சுக்குள்ளேயே பொருத்தும் சின்னக் கருவி ஒன்று உண்டு என்றார். அதன் விலையையும் சொன்னார். பஸ்ஸில் திரும்பி வரும்போது நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

செவிலிமேட்டில் இருந்த வீட்டைக் காலி செய்துவிட்டு நர்சிங் ஹோமுக்குப் பின்னால் குடிவந்தோம். வாசல் மணியைக் கழற்றினேன். அலாரம் கடிகாரத்தையும் குக்கரையும் அவள் அம்மா வீட்டுக்கு அனுப்பினாள். சென்னையில் மூடிப்போன ஒரு மருத்துவமனையிலிருந்து பழைய டீஃபிப்ரிலேட்டர் விற்பனைக்கு வந்தது. ராஜகோபால் சாரிடம் ஆறு மாதம் சொல்லிச் சொல்லி வாங்க வைத்தேன்.

துர்கா வந்து பார்த்தாள்.

"இது எனக்கா?"

"எல்லாருக்கும்தான்."

"பொய். ஊர்ல புருஷனுங்க பொண்டாட்டிக்குப் பூ வாங்கினு வரானுங்க. எனக்கு வந்து வாச்சது பாரு, கரண்டு வெக்கிற மிஷினு வாங்கினு வருது."

பலரும் நினைப்பதுபோல இந்தக் கருவி நின்றுபோன இதயத்தை ஓட்டுவதில்லை. தாறுமாறாக நடுங்கும் இதயத்தை ஓர் அடி அடித்து நிறுத்துகிறது. அவ்வளவுதான். நின்ற இதயம் பிறகு தானாகத் தொடங்க வேண்டும். சீக்கிரம் அடித்தால் தொடங்கும். ஒவ்வொரு நிமிடமும் தாமதிக்கத் தாமதிக்க வாய்ப்பு பத்தில் ஒரு பங்கு குறையும். வீட்டிலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினால் ஒரு நிமிடம் ஆகும் என்று கணக்குப் போட்டு வைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் தூக்கிக்கொண்டு ஓடியும் பார்த்தேன். அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டு மாணிக்கவாசகம் அண்ணன் வெளியே வந்து பார்த்தார்.

அவரிடம் நோயைப் பற்றிச் சொல்லவில்லை. யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று துர்கா சொல்லியிருந்தாள். குழந்தை இன்னும் இல்லை. சொன்னால் அதற்கும் இதையே காரணம் காட்டுவார்கள் என்றாள்.

கருவி வந்து இரண்டு வருஷத்தில் ஒன்பது பேருக்குப் பயன்பட்டது. மூன்று பேர் நடந்து வீட்டுக்குப் போனார்கள். கருவியில் ஒரு குறை இருந்தது. பேட்டரி பழையது. அந்த மாடலில் மின்சாரம் சுவரிலிருந்து நேராக நோயாளிக்குப் போகாது. சுவர் பேட்டரிக்குக் கொடுக்கும், பேட்டரி பேடில்களுக்குக் கொடுக்கும். எப்போதும் சொருகியே வைத்திருந்தால் ஒன்றும் தெரியாது. புதிய பேட்டரி கேட்டு இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன். சென்னையிலிருந்து வர வேண்டும் என்றார்கள்.

ஆயுத பூஜைக்கு முதல் நாள் தலைமை நர்ஸ் இந்திராணி என்னிடம் வந்தார்.

"உதயா, இந்த வாட்டி உன் மிஷினத்தான் நடுவுல வெக்கணும்பா. கத்தரிக்கோலு, பி.பி. பாக்குறது எல்லாத்துக்கும் பொட்டு வெக்கிறோம், உசுர மீட்டுக் குடுக்கிறது மூலைல கெடக்குது."

"அது பிளக்குலயே இருக்கணும் சிஸ்டர்."

"ஒரு ராத்திரிதான? நாங்கல்லாம் படிக்காமயா நர்சு ஆனோம்? ரொம்பப் பண்ணாத."

அணைத்து வைத்தால் ஒரு ராத்திரிக்குப் பேட்டரி தாங்கும். யோசித்துத்தான் சரி என்றேன். அந்தக் கணக்கில் தப்பில்லை.

எங்கள் ஊரில் நெசவு வீடுகளில் அன்று தறியை நிறுத்திவிடுவார்கள். நூல் ஓட்டும் நாடாவையும் அச்சையும் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, சாமி படத்தின் முன்னால் வைப்பார்கள். கற்பூரம் காட்டிவிட்டால் மறுநாள் காலை மறுபூஜை முடியும்வரை யாரும் அவற்றைத் தொட மாட்டார்கள். தொட்டால் அந்த வருஷம் தொழில் விளங்காது. துர்கா அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவள். நானும்தான்.

மாலை ஐந்து மணிக்குக் கருவியைச் சுவரிலிருந்து பிடுங்கி, வெளிநோயாளிகள் ஹாலுக்கு எடுத்துப்போய் மேசை நடுவில் வைத்தேன். அங்கே வயர் எட்டும் தூரத்தில் பிளக் இல்லை. பேடில்களின் உலோகத் தட்டில் மட்டும் சந்தனம் வேண்டாம் என்றேன். இந்திராணி கைப்பிடிகளில் வைத்தார். சாமந்தி மாலை ஒன்றைக் குறுக்கே போட்டார்.

துர்கா அவள் அப்பா நெய்த அரக்குப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். மாணிக்கவாசகம் அண்ணன் அவருடைய வேனுக்குப் பூஜை போட்டுவிட்டு வந்தார். ராஜகோபால் சார் மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

"அத்த ஆன் பண்ணி வைப்பா. லைட்டு எரிஞ்சாத்தான் களையா இருக்கும்" என்றார் இந்திராணி.

போட்டேன். யாருக்கும் வயர் மாட்டாததால் திரையில் பச்சைக் கோடு நேராகப் போயிற்று.

"ஐய, இன்னாபா இது! நல்ல நாளும் அதுவுமா அச்சானியமா நேரா போவுது. மாத்து, மாத்து!"

எல்லோரும் சிரித்தார்கள். சாரும் சிரித்தார். துர்கா கையை நீட்டினாள்.

"எனக்கு மாட்டுங்க."

மூன்று வயர்களை மாட்டினேன். கோடு எழுந்து விழுந்து ஓடியது. நிமிடத்துக்கு எழுபத்திரண்டு.

"இன்னாம்மா, புருஷன் பக்கத்துல நிக்கிறாரு, கொஞ்சம் வேகமா ஓட வேணாமா?" என்றார் மாணிக்கவாசகம்.

"கல்யாணம் ஆயி ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுதுண்ணா. இனிமே இந்த வேகம்தான்."

அவள் துடிப்பு ஓடிக்கொண்டிருக்கும்போதே இந்திராணி கற்பூரம் காட்டினார். எல்லோரும் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். துர்கா வயர்களைத் தானே கழற்றிவிட்டு விபூதி எடுக்கப் போனாள். கோடு மறுபடி நேராயிற்று. யாரும் கவனிக்கவில்லை. சுண்டல் வந்துவிட்டது.

நான் சுவிட்சை நோக்கிக் கையை நீட்டினேன். துர்கா மணிக்கட்டைப் பிடித்தாள்.

"இன்னா பண்றீங்க?"

"அணைக்கணும். பேட்டரி இறங்கிடும்."

"கற்பூரம் காட்டியாச்சு. கை வெக்காதீங்க."

"சுவிட்சு மட்டும்தான்."

"சுவிட்சு மிஷின்ல இல்லாம எங்க இருக்குது? எங்கப்பா கீழ விழுந்த நாடாவக்கூட எடுக்க மாட்டாரு. காலைல எடுத்துக்கலாம்."

"எரியட்டும் விடுப்பா, சாமிக்கு வெளக்கு வெச்சாப்பல இருக்குது" என்றார் இந்திராணி.

நான் ராஜகோபால் சாரைப் பார்த்தேன். அவர் கையில் சுண்டல் இருந்தது.

"ஏழரைக்கு மறுபூஜை. அப்புறம் சார்ஜ் போட்டுக்கலாம் உதயா. ஒண்ணும் ஆவாது."

நானும் நேராக எதுவும் சொல்லவில்லை. இதை அணைக்காமல் விட்டால் விடியும்போது பேட்டரியில் ஒன்றும் இருக்காது, பிறகு சுவரில் சொருகினாலும் உடனே பயன்படாது என்று எனக்குத் தெரியும். அங்கே எனக்கு மட்டும்தான் தெரியும். அதைச் சொல்வதற்கு ஒரு வாக்கியம் போதும். யார் உடம்புக்காக வாங்கிய கருவியோ அவளே என் கையைப் பிடித்திருந்தாள். நல்ல நாளில் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

எல்லோரும் போன பிறகு ஹாலைப் பூட்டியது நான்தான். கண்ணாடிக் கதவு வழியாகப் பச்சை வெளிச்சம் தெரிந்தது. சாவி என்னிடம். யாரும் பார்க்கவில்லை. துர்கா தெருவில் நின்று சுண்டல் பொட்டலத்தை நீட்டினாள். போய் வாங்கிக்கொண்டேன்.

மறுநாள் காலை ஆறே கால். அவள் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். நான் உள்ளே அடுப்பிலிருந்து பாலை இறக்கினேன். மாணிக்கவாசகம் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து, வேனை முதல் சவாரிக்கு எடுத்தார். பழம் நசுங்கும்போது ஹாரனை விடாமல் அடித்தார். எல்லோரும் அப்படித்தான் அடிப்பார்கள். அது ஏர் ஹாரன்.

ஹாரன் நின்றதும் அவர் கத்துவது கேட்டது. "உதயா, ஓடியாப்பா! துர்கா உழுந்துடுச்சு!"

கோலமாவுக் கிண்ணத்தின் மேல் கவிழ்ந்து கிடந்தாள். கழுத்தில் நாடி இல்லை. நான் தோளைப் பிடித்தேன், அவர் காலைப் பிடித்தார். அறுபத்திரண்டு தப்படி. அவசர அறைக் கட்டிலில் போட்டதும் இந்திராணி நெஞ்சை அழுத்த ஆரம்பித்தார். நான் ஹாலைத் திறந்தேன். திரை இருட்டாக இருந்தது. மாலையைப் பிய்த்து எறிந்துவிட்டுக் கருவியைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தேன். சுவரில் சொருகினேன். சொருகியதற்கான பச்சை விளக்கு எரிந்தது. திரை வந்தது. கத்தரிக்கோலால் அவள் ஜாக்கெட்டை நடுவில் வெட்டிப் பேடில்களை வைத்தேன். திரையில் அவள் கோடு தெரிந்தது. முறுக்கி முறுக்கி ஓடும் நடுக்கம். புத்தகத்தில் பார்த்திருக்கிறேன்.

இருநூறுக்குத் திருப்பிச் சார்ஜ் பட்டனை அழுத்தினேன். வழக்கமாக ஏழெட்டு விநாடி ஆகும். எண் மூன்று என்று காட்டியது. பிறகு நான்கு. பிறகு ஆறு.

சார் ஈரத் தலையோடு வந்தார்.

"இருநூறு குடு."

"ஏறலை சார். பதினொண்ணுல இருக்குது."

"ஏன்?"

என் முகத்தைப் பார்த்தார். அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

"ஐம்பதுல வை. வர்றது வரட்டும்."

பேடில்களை அவரிடம் கொடுத்துவிட்டு நான் நெஞ்சை அழுத்தினேன். இந்திராணி அவள் வாயில் பொருத்திய ரப்பர் பையை அமுக்கிக் காற்று கொடுத்தார். சார் எண்ணைப் படித்துக்கொண்டிருந்தார். பத்தொன்பது. இருபத்தாறு. முப்பத்தொன்று. என் கைக்குக் கீழே ஒரு விலா எலும்பு உடைந்தது. நிறுத்தவில்லை. இரண்டு நிமிடத்துக்குப் பிறகு அந்த நீளமான ஓசை வந்தது.

"தள்ளுங்க."

அடித்தார். அவள் உடம்பு ஒரு முறை தூக்கிப் போட்டது.

பெரியவர்களுக்கு ஐம்பது ஜூல் போதாது. ஆனாலும் நடுக்கம் நின்றது. கோடு கொஞ்ச தூரம் நேராகப் போனது. பிறகு ஒரு துடிப்பு வந்தது. பிறகு இன்னொன்று. நான் கழுத்தில் விரலை வைத்திருந்தேன். விரலுக்குக் கீழே நாடி அடித்தது.

"சிஸ்டர், மெக்னீசியம். மேல பிரசவ அறையில இருக்கும், ஓடுங்க" என்றார் சார். அந்த மருந்து நடுக்கம் திரும்பாமல் தடுக்கும். இந்திராணி கதவைத் திறந்துபோட்டுவிட்டு ஓடினார். சார் கருவியை மறுபடி சார்ஜில் போட்டார். எண் பூஜ்யத்திலிருந்து தொடங்கியது.

ஒரு நிமிடம் போயிருக்கும். துர்கா கண்ணைத் திறந்தாள். மேலே விட்டத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். தலையைக் கொஞ்சம் திருப்பி அந்தப் பக்கம் பார்த்தாள். என்னிடம் ஒன்று சொன்னாள். குரல் தெளிவாகத்தான் இருந்தது. அவள் சொன்னதைச் செய்ய நகர்ந்தேன். ஆறு தப்படி போய்த் திரும்பினேன். அதற்குள் கண் மூடியிருந்தது. திரையில் கோடு மறுபடி முறுக்கிக்கொண்டு ஓடியது. கருவி ஏழு ஜூல் காட்டியது.

நான் பக்கத்திலேயே நின்றிருந்தாலும் எதுவும் மாறியிருக்காது. சார் அன்று அப்படித்தான் சொன்னார். நானும் யோசித்துப் பார்த்தேன். மாறியிருக்காது.

மெக்னீசியம் வந்தது. ஏற்றினோம். ஐம்பது மறுபடி சேர நான்கு நிமிடம் ஆயிற்று. அடித்தார். நடுக்கம் நிற்கவில்லை. மூன்றாவது தடவையும் நிற்கவில்லை. நான்காவது தடவைக்கு முன்பே கோடு நேராகிவிட்டது. நேரான கோட்டுக்கு அந்தக் கருவியால் பயனில்லை. ஏழு பத்துக்குச் சார் கடிகாரத்தைப் பார்த்தார்.

கருவியை யாரும் சுவரிலிருந்து பிடுங்கவில்லை. பதினோரு மணிக்குப் பேட்டரி முழுதாக ஏறிவிட்டதற்கான விளக்கு எரிந்தது. நான் அந்த அறையில்தான் இருந்தேன்.

அந்த மாதமே புதிய பேட்டரி வந்தது. மாட்டியது நான். அதற்குப் பிறகு நான்கு பேருக்குப் பயன்பட்டது. இருவர் பிழைத்தார்கள். ஒருவர் முசரவாக்கத்துக்காரர். அவர் மனைவி என் காலில் விழ வந்தார். நான் இ.சி.ஜி. அறைக்குள் போய்விட்டேன்.

அன்றைக்குப் பிறகு நடந்ததைப் பற்றி ராஜகோபால் சார் பேசியதில்லை. இந்திராணி என்னைத் தனியாகப் பார்த்தால் வேறு வராந்தா வழியாகப் போகிறார். இந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் கத்தரிக்கோல்கள் மட்டும் வைத்தார்கள். என் கையைப் பிடித்தது துர்கா என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பிடித்த கையை விடுவித்துக்கொள்ள எனக்குப் பலம் இருந்தது என்பதையும் சொல்லவில்லை.

ஆனால் எல்லோரும் ஒன்றைக் கேட்கிறார்கள். என் மாமியார் கமலாட்சி அமாவாசைக்கு அமாவாசை சாப்பாடு எடுத்துக்கொண்டு வருவார். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே கேட்பார்.

"விஜயதசமில போனா, நல்ல சாவுதான்பா. கடசியா எதனா சொன்னாளா?"

"அம்மான்னு கூப்பிட்டா அத்தை."

"ஒரு வாட்டியா?"

"ரெண்டு வாட்டி."

மாமனார் சபாபதி கேட்டபோது, ஏகாம்பரநாதர் பெயரைச் சொன்னாள் என்றேன். தறியில் உட்கார்ந்தபடியே கையெடுத்துக் கும்பிட்டார். மாணிக்கவாசகம் அண்ணன் ஏர் ஹாரனைக் கழற்றிவிட்டார். யார் மூலமாகவோ நோயைப் பற்றித் தெரிந்துகொண்டிருக்கிறார். ஒரு நாள் என் வாசலில் வெகுநேரம் நின்றார்.

"என்னப் பத்தி எதனா சொல்லுச்சாப்பா?"

"இல்லண்ணா" என்றேன்.

அன்று துர்கா கட்டிலிலிருந்து கதவுப் பக்கம் பார்த்தாள். வாசலில் அவர் நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் தெருவிலிருந்து வந்த இரண்டு மூன்று ஆண்கள். அவள் ஜாக்கெட் வெட்டிக் கிடந்தது. அவள் கையைத் தூக்கப் பார்த்தாள், கை எழவில்லை. என்னைப் பார்த்துச் சொன்னாள்.

"மொதல்ல அந்தக் கதவச் சாத்துங்க. வேன்கார அண்ணன் நிக்கிறாரு பாருங்க."